எண் மாறுவது உங்கள் பிழையன்று

அமெரிக்காவின் ‘வெர்டிகோ’ (தலைசுற்றல்) தேடல்களை, எந்தச் சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் இரண்டு முறை இறக்கியபோது எண்கள் மாறியிருந்தன, ஆனாலும் வெப்பநிலையோடு ஒத்துப்போகின்றன என்று எழுதியிருந்தீர்கள். எல்லாத் தேடல்களையும் எண்ணாமல் ஒரு பகுதியை மட்டும் மாதிரியாக எடுத்துக் கணக்கிடுவதால் அது மாறும். பல நாள்கள் இறக்கிச் சராசரி எடுங்கள். சொல்லை அப்படியே இட்டால் 1958இல் வெளியான ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ படத்தைத் தேடியவர்களும் சேர்ந்துவிடுவார்கள். சொல்லுக்குப் பதிலாக, அங்கே நோயைக் குறிக்கும் தலைப்பைத் (topic) தேர்ந்தெடுங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த ஒத்துப்போதல்தான். ஆண்டுதோறும் ஏறி இறங்கும் இரண்டு வரிசைகள், தொடர்பே இல்லாவிட்டாலும் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். பருவச் சுழற்சியை நீக்கி, மிச்சத்தை மட்டும் ஒப்பிடுங்கள். பருவங்கள் நேர்மாறாக வரும் ஆஸ்திரேலியாவையும் பாருங்கள்: அங்கே உச்சம் ஆறு மாதம் தள்ளி வராவிட்டால், தயவுசெய்து வெப்பத்தைக் காரணமாக எழுதாதீர்கள். தேடல்களை நம்பி ஏமாந்த கதை முன்பே உண்டு: தேடல்களை வைத்து ஃப்ளூ காய்ச்சலைக் கணித்த கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ், 2013 தொடக்கத்தில் அமெரிக்காவில் அதன் அளவை ஏறத்தாழ இரு மடங்காகக் காட்டியது.