லைக்கா போன்ற ரேஞ்ச்பைண்டர் பிலிம் கமராவுக்கு இவ்வளவு காசு கொடுக்கலாமா?

கமராவை மட்டும் பார்த்தால் கொடுக்கலாம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு என்றால் நான் கொடுக்க மாட்டேன்.

2022இல் லைக்கா மறுபடி வெளியிட்ட எம்6, லென்ஸ் இல்லாமலே 5,000 அமெரிக்க டொலருக்கு மேல். நம் காசில் 15 இலட்சம் தாண்டும். அந்த வசதி எனக்கில்லை. ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பா லீவில் வந்தபோது தன் பழைய எம்3ஐ ஒரு மாதம் என்னிடம் விட்டிருந்தார். 1954இல் அறிமுகமான மாடல். அதோடு பழகியதை வைத்துத்தான் சொல்கிறேன்.

காசு எங்கே போயிருக்கிறது என்று பார்க்கும் ஜன்னலில் கண்ணை வைத்ததுமே தெரியும். நடுவில் பளிச்சென்று ஒரு சின்னக் கட்டம். அதற்குள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி. ரேஞ்ச்பைண்டர் என்பது இதுதான். நல்லூர் வீதியில் மாலை மங்கும் நேரம், கற்பூரச்சட்டி ஏந்தி வந்த ஒரு அம்மாவின் மூக்குத்தியை இரண்டாகக் கண்டு, ஒன்றாக்கி, அழுத்தினேன். எஸ்எல்ஆர் வகைக் கமராக்களில்போல உள்ளே கண்ணாடி எழும்பி விழாததால் அழுத்தும் கணத்திலும் காட்சி மறையவில்லை. சத்தம் பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிருக்காது.

ஆனால் அதே கண்ணாடி இல்லாததால் வேறொரு வில்லங்கம். லென்ஸைத் திறந்தபடி சூரியனைப் பார்க்க வைத்தால் வெயிலைக் குவித்து, பிலிமுக்கு முன்னால் இருக்கும் துணி ஷட்டரில் ஓட்டை போட்டுவிடும். "மூடி போடாமல் வெயிலில வைக்காதை" என்பதுதான் சித்தப்பா சொன்ன ஒரே கட்டளை. எங்கள் ஊர் வெயிலுக்குக் கேட்கவும் வேண்டுமா? மூடியோடேயே திரிந்தேன். நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, பக்கத்து ஜன்னல் வழியாக என்பதால் மூடி இருந்தாலும் காட்சி துல்லியமாகத் தெரியும். தேரன்று 11 படம் மூடியோடே எடுத்து முடித்தேன். எச்சரிக்க அந்தக் கமராவில் வெளிச்சமானியும் இல்லை.

சரி, விலைக்கு வருவோம். ஐம்பது, அறுபது வருடம் போனாலும் கழற்றித் திருத்தலாம் என்பதற்கும் சேர்த்துத்தான் அந்த விலை. இங்கே யார் திருத்துவது? எனக்குத் தெரிந்த ஸ்ரூடியோக்காரர் கையில் வாங்கி, இரண்டு தரம் பிரட்டிப் பார்த்து, "தம்பி, இதை நான் திறக்கமாட்டன்" என்று திருப்பித் தந்துவிட்டார். ஃபோகஸ் கட்டம் கொஞ்சம் விலகினாலும் கமரா விமானம் ஏற வேண்டியதுதான்.

பிலிம் கழுவுவது இன்னொரு கதை. கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுகிறேன். டெவலப்பர் என்ற கழுவும் கரைசல் 20 பாகையில் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ 30க்குக் கிட்ட, ஐஸ் கட்டி போட்டு இறக்குகிறேன். கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் பாவித்தால், சுண்ணாம்புக்கல் நிலம் அல்லவா, காய்ந்ததும் நெகட்டிவ் முழுக்க வெள்ளைப் புள்ளி. லைக்காவில் எடுத்த படமென்று சுண்ணாம்பு ஒதுங்கிப் போகாது. அதனால் கடைசி அலசல் குடிக்கிற ஆர்ஓ தண்ணீரில்.

ரேஞ்ச்பைண்டர் உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க என்னைப்போல ஒரு பழைய கெனான் கனோனெட் க்யூஎல்17 ஜி-III தேடுங்கள். 40 மிமீ எஃப்1.7 லென்ஸ், அதே இரட்டை உருவ ஃபோகஸ், ஷட்டர் லைக்காவைவிடவும் மெதுவான சத்தம். கட்டம் சின்னது, மங்கலானது. லென்ஸை மாற்றவும் முடியாது. வெளிச்சமானிக்கான பாதரச பற்றரி இப்போது வருவதில்லை, ஆனால் வெளிச்சமானி இல்லாமலே கமரா ஓடும்.

வாங்கும்போது லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சணம். எங்கள் ஈரக்காற்றில் அது இன்னும் பரவும். பின்கதவைத் திறந்து, வெளிச்சம் புகாமல் அடைக்கும் ஓரத்துக் கறுப்புப் பஞ்சைத் தொட்டும் பாருங்கள். விரலில் தார் மாதிரி ஒட்டினால் பயப்பட வேண்டாம். சுரண்டிவிட்டுக் கறுப்புக் கம்பளி நூல் வைத்து நீங்களே அடைத்துவிடலாம், விலையை மட்டும் குறைத்துக் கேளுங்கள்.