ஆறு அமர்வுக்குப் பின் வலி குறைந்தது: கை வைத்ததாலா, தானாகவா?

எட்டு மாத இடுப்பு வலி, ஆறு முறை நீவிச் சொடுக்கிவிட்ட பிறகு பத்துக்கு ஏழிலிருந்து நான்காகக் குறைந்தது. இன்னும் பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கட்டாதீர்கள்.

நாள்பட்ட வலி ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் சிகிச்சைக்கு ஓடுகிறோம். அடுத்த வாரங்களில் அது பெரும்பாலும் தானே கொஞ்சம் தணியும். பெயர் சிகிச்சையாளருக்குப் போய்விடும்! இதைப் பிரித்தறியத்தான் போலிச் சிகிச்சையோடு ஒப்பிடும் சோதனைகள். மாத்திரை என்றால் எளிது, மருந்தில்லாத வில்லை போதும். கைச்சிகிச்சையில் எது போலி என்பது செய்பவருக்கே தெரியும்; மெல்லத் தொட்டாலும் இதமாகத்தான் இருக்கும். 2021இல் வெளியான ஒரு பிரெஞ்சு சோதனையில் 400 பேருக்கு ஆறு அமர்வுகள்: ஒரு பகுதியினருக்கு ஆஸ்டியோபதி (தசை, மூட்டுகளைக் கையால் அழுத்தி, நீவிச் சரிசெய்யும் முறை), மற்றவர்களுக்கு வெறும் மென்தொடுகை. மூன்று மாதம் கழித்து, அன்றாட வேலைகளைச் செய்வதில் முதல் அணி சற்றே முந்தியிருந்தது. அதை நோயாளியால் உணர முடியுமா என்பதே சந்தேகம்.

உங்களுக்குக் கிடைத்த நிவாரணம் பொய்யல்ல. ஆனால் பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் (NICE) என்ற அமைப்பின் வழிகாட்டுதல் (2016) கைச்சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்தால் மட்டுமே பரிசீலிக்கலாம் என்கிறது. நீங்கள் பயிற்சி பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே?

மூன்று வாரம் அமர்வுகளை நிறுத்தி, தினமும் நடந்து, இரவில் வலியின் எண்ணையும் எவ்வளவு நேரம் உட்கார முடிந்தது என்பதையும் குறித்து வாருங்கள். நான்கிலேயே நின்றால் பணம் மிச்சம். கால் பலவீனமானாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலக் கட்டுப்பாடு தவறினாலோ உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.