பிள்ளைகள் போட்ட மோர்க்கடையை நகராட்சி வண்டி தூக்கிக்கொண்டு போனால்...

கேள்வி: எங்கள் ஊர் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சி. நான் வீட்டில் தையல் தைக்கிறேன், கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கோடை விடுமுறையில் என் 13 வயது மகனும் 9 வயது மகளும் வீட்டு வாசலில் மேஜை போட்டு மோரும் மாங்காய்க் கீற்றும் விற்றார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சைக்கிள் வாங்க வேண்டும் என்பது மகனின் ஆசை. மேஜையின் இரண்டு கால் எங்கள் படியில், இரண்டு கால் வாறுகால் (சாக்கடை) மூடியின் மேல். மூன்றாம் நாள் தரைக்கடை வசூல்காரர் வந்து 20 ரூபாய் வாங்கிக்கொண்டு சீட்டு கொடுத்தார். அடுத்த வாரம் நகராட்சி வண்டி வந்தது. முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. மேஜை, குடை, மண்பானை, எவர்சில்வர் தூக்கு, டம்ளர் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள். பானையைப் பிடித்துக்கொண்டு அழுத மகனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவோம் என்று அதட்டினார்கள். பிள்ளைகளை வேலைக்கு வைத்ததற்கு என் மேல் குழந்தைத் தொழிலாளர் கேஸ் வரும் என்றார்கள். 2,000 ரூபாய் கொண்டுவந்தால் சாமான்களை எடுத்துக்கொள்ளலாமாம். ரசீது கிடைக்குமா என்றேன், பதில் இல்லை. பணத்தைக் கட்டிவிடட்டுமா? மகன் மேல் கேஸ் வருமா?

பதில்: ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. இன்றைக்கே மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் மேல் எந்த கேஸும் வராது, அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று சொல்லுங்கள். ஒரு வக்கீல் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஏன் வராது என்றால், நகராட்சியின் வியாபாரச் சான்று இல்லாமல் தெருவோரத்தில் விற்பதற்குச் சட்டத்தில் சிறைத் தண்டனையே கிடையாது. தெரு வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெரு வியாபார ஒழுங்குமுறை) சட்டம், 2014 என்று ஒன்று இருக்கிறது. அதன் 28-வது பிரிவு அபராதத்தோடு நின்றுவிடுகிறது. அதற்காக ஒரு சிறுவனை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போக நகராட்சி ஊழியருக்கு அதிகாரம் இல்லை. உண்மையாகவே குற்றம் செய்த சிறுவனைக்கூட லாக்கப்பில் வைக்கக்கூடாது என்று 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. மோர் விற்ற பையனை அப்படி மிரட்டியிருக்கிறார்கள். அந்த வார்த்தையைச் சொன்னவர் யார், எத்தனை மணிக்கு, யார் யார் கேட்டார்கள் என்பதை மறப்பதற்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் அது தேவைப்படும்.

அடுத்து, உங்கள் மேல் வரும் என்று சொன்ன குழந்தைத் தொழிலாளர் கேஸ். 1986-ஆம் வருடச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. 14 வயது நிறையாத குழந்தையை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்பதுதான் இப்போதைய நிலை. நல்ல சட்டம், அது தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் அதே 3-வது பிரிவில், பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறை நாட்களிலும், படிப்பு கெடாமல், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்று விலக்கும் இருக்கிறது. கோடை விடுமுறையில், சொந்த வாசலில், அம்மா உள்ளே மிஷின் மிதித்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் மோர் ஊற்றிக் கொடுத்தது அந்த விலக்குக்குள் வரும் என்றுதான் நான் வாதாடுவேன். அதையும் மீறி ஒரு அதிகாரி இதைக் குற்றம் என்று எடுத்துக்கொண்டாலும், முதல் முறை என்றால் பெற்றோரைத் தண்டிக்க முடியாது என்று 14-வது பிரிவே சொல்கிறது. இந்தச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறையின் வேலை. மேஜையைத் தூக்க வந்தவர்கள் அதைச் சொன்னது உங்கள் வாயை அடைக்கத்தான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வாசலில் அடுப்பை வைத்து, எண்ணெய்ச் சட்டியில் பிள்ளைகள் பஜ்ஜி போட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். சிக்னலில் நின்று வண்டிகளுக்கு நடுவே விற்றிருந்தாலும் அப்படித்தான்.

இனி சாமான்களுக்கு வருவோம். உங்களுக்குச் சாதகமில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2014-ஆம் வருடச் சட்டத்தில் வியாபாரச் சான்று வாங்க 14 வயது நிறைந்திருக்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அது கிடைக்காது. நீங்களும் வாங்கவில்லை. அதனால், சான்றில் உள்ள இடத்திலிருந்து அகற்ற 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்ற 18-வது பிரிவின் பாதுகாப்பை நாம் கேட்க முடியாது. போலீசும் மற்றவர்களும் தொந்தரவு செய்யக்கூடாது என்கிற 27-வது பிரிவும் சான்றின்படி வியாபாரம் செய்பவர்களுக்குத்தான். பாதி மேஜை உங்கள் படியில் இருந்ததாலும் பெரிதாகத் தப்பிக்க முடியாது. வாறுகால் மூடி பொது இடம். இடைஞ்சலாக இருந்தால் எடுக்கச் சொல்ல நகராட்சிக்கு அதிகாரம் உண்டு. தெருவில் நடப்பவருக்கும் உரிமை இருக்கிறதே. சோதன் சிங் வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம், தெருவோர வியாபாரம் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் வரும் என்று சொன்னபோதே, அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் சேர்த்துத்தான் சொன்னது.

ஆக, மேஜையை உள்ளே தள்ளிப் போடச் சொல்லியிருந்தால் நான் அவர்கள் பக்கம்தான் பேசியிருப்பேன். அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை.

இங்கேதான் உங்கள் வழக்கு பலமாகிறது. 2014-ஆம் வருடச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி ஒரு வியாபாரியின் பொருளைப் பறிமுதல் செய்தால், என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் எழுதி, எடுத்தவர் கையெழுத்துப் போட்டு, நகலை அந்த வியாபாரியிடம் கொடுத்தாக வேண்டும். பொருளைத் திருப்பிக் கேட்டால், கெட்டுப்போகாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். கெட்டுப்போகும் பொருளைக் கேட்ட அன்றைக்கே தர வேண்டும். அதற்கென்று நிர்ணயித்த கட்டணத்தை வாங்கலாம், அவரவர் வாய்க்கு வந்த தொகையை வாங்க முடியாது. 2,000 ரூபாய் என்பது 28-வது பிரிவில் உள்ள அபராதத்தின் உச்ச வரம்பு. மோர்க்கடை போட்ட இரண்டு பிள்ளைகளிடம் உச்ச வரம்பையே கேட்டிருக்கிறார்கள், அதுவும் எழுத்தில் ஒரு உத்தரவு இல்லாமல்.

நகராட்சி எந்தப் பக்கம் பேசினாலும் மாட்டிக்கொள்ளும். உங்கள் பிள்ளைகள் தெரு வியாபாரிகள் என்றால் 19-வது பிரிவின்படி பட்டியல் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. வியாபாரிகளே இல்லை, விடுமுறையில் விளையாட்டாகப் போட்ட கடை என்றால், வியாபாரிக்கான அபராதத்தை அவர்களிடம் எப்படிக் கேட்கலாம்? மனுவில் இதை இரண்டு வரியில் அப்படியே எழுதுங்கள்.

அந்த 20 ரூபாய் சீட்டு இருக்கிறதா? இருந்தால் பத்திரமாக வையுங்கள். அது வியாபாரச் சான்று ஆகாது. ஆனால் நகராட்சிக்காக வசூலிப்பவர் அந்தக் கடையைப் பார்த்து, காசு வாங்கி, போகச் சொல்லாமல் போயிருக்கிறார். ஒரு வாரம் கழித்துத் திடீரென்று ஆக்கிரமிப்பு என்று சொல்வதை அந்தச் சிறு காகிதம் பலவீனமாக்கும். மை மங்கிவிடும், இப்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? நகராட்சி ஆணையாளர் பெயருக்கு ஒரு பக்க மனு போதும். கடை போட்ட இடம், எடுத்துச் சென்ற தேதி, நேரம், வண்டி எண் தெரிந்தால் அது, எடுத்த பொருட்கள், பட்டியல் தரப்படாதது, ரசீது இல்லாமல் பணம் கேட்டது, மகனை மிரட்டியது எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். 19-வது பிரிவின்படி பொருட்களைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில் போகட்டும். பிள்ளைகளை அலுவலகத்துக்குக் கூட்டிப் போக வேண்டாம். நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால், பெற்றுக்கொண்டதற்கான சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அந்த இரண்டு நாள் கணக்கு நீங்கள் கேட்ட பிறகுதான் ஓடத் தொடங்கும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

அபராதம் கட்டியே ஆக வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு தந்தால், ரசீதோடு கட்டுங்கள், ஆட்சேபத்தோடு கட்டுவதாக ஒரு வரி எழுதிக் கொடுங்கள். ரசீது தராமல் கேட்டால் அது லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போக வேண்டிய விஷயம்.

பதில் வராவிட்டால் திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுங்கள். கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு விண்ணப்பம் போடுங்கள். அன்றைக்கு நடந்த பறிமுதலின் பட்டியல் நகல், பொருட்கள் இப்போது இருக்கும் இடம், கட்டண விகிதம், உங்கள் ஊரில் தெரு வியாபார விஷயங்களைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவை அமைத்திருக்கிறார்களா, தெரு வியாபாரிகள் கணக்கெடுப்பு நடந்ததா என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கடைசி இரண்டு கேள்விகளுக்கு வரும் பதில் உங்களைவிட உங்கள் தெருவில் பூ விற்கும், இட்லி விற்கும் பெண்களுக்கு அதிகம் உதவும். கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை, ஏற்கெனவே தொழில் செய்பவர்களை அகற்றக்கூடாது என்று 2014-ஆம் வருடச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. அவர்களிடமும் சொல்லுங்கள்.

வக்கீல் வைக்கக் காசு வேண்டுமே என்று தயங்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மகனை மறுபடி யாராவது மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை போகலாம் என்றாலும், ஒரு மேஜைக்கும் பானைக்கும் அது தேவைப்படாது. முத்திரை விழுந்த மனுவைப் பார்த்ததுமே பெரும்பாலும் கிடங்கைத் திறந்துவிடுவார்கள்.

கடையை மறுபடி போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்பார்கள். தாராளமாகப் போடுங்கள். நான்கு காலும் உங்கள் படிக்குள் இருக்கட்டும், குடை தெருவுக்கு நீள வேண்டாம். அப்போது தெருவை அடைத்ததாக யாரும் சொல்ல முடியாது. கடை உங்கள் கடையாக இருக்கட்டும், பிள்ளைகள் கூட நிற்கட்டும், நீங்களோ பாட்டியோ பார்வையில் இருங்கள். மோருக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையே ஊற்றுங்கள். அடுத்த கோடையிலும் தொடர்ந்து விற்பதாக இருந்தால், சிறு உணவு வியாபாரிகளுக்கான பதிவை உணவுப் பாதுகாப்புத் துறையில் உங்கள் பெயரில் செய்துகொள்ளுங்கள். தெருவோரத்திலேயே இடம் வேண்டும் என்றால் வியாபாரச் சான்றுக்கும் உங்கள் பெயரிலேயே நகராட்சியில் எழுதிக் கொடுங்கள்.