தூக்கா, ஆயுளா: கோர்ட் முதலியாரிடம் கேட்டவை

மலையகத்து நீதிமன்றங்களில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பு முதலியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வழக்கறிஞன் அல்ல. கைதிக்கு ஆயுள் முழுக்கச் சோறு போடுவதா, தூக்கில் போடுவதா, எது செலவு என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிவா, ஹட்டன்: கொலைகாரனுக்கு முப்பது வருடம் நம் வரிப்பணத்தில் சோறு போடுவதைவிட ஒரு கயிறு மலிவு இல்லையா?

தம்பி, இலங்கையில் கடைசியாக ஒருவரைத் தூக்கிலிட்டது 1976 ஜூனில். அதற்குப் பிறகும் மரண தண்டனை விதிக்கிறார்கள், நிறைவேற்றுவதில்லை. ஆகவே தீர்ப்பில் தூக்கு, செலவு ஆயுள் சிறைக்கு. போதாததற்குத் தூக்குமேடையையும் அலுகோசு, அதாவது தூக்குப் போடுகிறவர், பதவியையும் வேறு வைத்திருக்கிறோம். 2014இல் வேலைக்கு வந்த அலுகோசு தூக்குமேடையைப் பார்த்ததும் வேலையை விட்டே போய்விட்டார்.

நிரோஷா, பண்டாரவளை: அமெரிக்காவில் ஆயுளைவிட மரண தண்டனைக்குத்தான் அதிக செலவு என்று படித்தேன். இங்கேயும் அப்படித்தானா?

இல்லை தங்கச்சி. கலிபோர்னியாவில் 1978க்குப் பிறகு 13 பேருக்குத்தான் மரண தண்டனை நிறைவேறியது. அதற்குள் சுமார் 400 கோடி டொலர் செலவாகிவிட்டதாக 2011இல் ஓர் ஆய்வு சொன்னது. அங்கே குற்றவாளியா என்று ஒரு விசாரணை, சாவா ஆயுளா என்று இன்னொரு விசாரணை. அனுபவமுள்ள வழக்கறிஞர்கள், நிபுணர்கள், இருபது வருடம் இழுக்கும் மேன்முறையீடுகள். காசு அங்கேதான் போகிறது.

நம் தண்டனைச் சட்டக்கோவையில் 296ஆம் பிரிவின்படி கொலைக்கு மரண தண்டனை ஒன்றுதான். இரண்டாவது விசாரணை கிடையாது. கையில் காசில்லாதவருக்கு அரசு ஒரு வழக்கறிஞரை நியமிக்கும், அவ்வளவுதான். நாளைக்கே தூக்கைத் தொடங்கினால் மலிவாகத்தான் முடியும். அந்த மலிவைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இரண்டு வீட்டுக்காரருக்குள் சண்டை, ஒருவர் செத்துப்போனார். பக்கத்து வீட்டு அம்மா சாட்சி. அவர் பொலிஸில் சொன்னது "கத்தி". எழுதிய உத்தியோகத்தர் சிங்களத்தில் "கெத்த" என்று எழுதிவிட்டார். சிங்களத்தில் கெத்த என்றால் காடு வெட்டுகிற பெரிய வெட்டுக்கத்தி. அந்த அம்மா சொன்னதோ காய் நறுக்குகிற சின்னக் கத்தி. வழக்கில், "பொலிஸுக்கு ஒன்று, இங்கே ஒன்று சொல்கிறாயே" என்று அவரைக் குடைந்தார்கள். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, "நான் கத்தின்னுதானேங்க சொன்னேன்" என்றதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு சொல்லும் வேறு வேறு என்று நான் நீதிபதியிடம் விளக்கிய பிறகுதான் விஷயம் தெளிந்தது. கெத்தயைத் தூக்கிக்கொண்டு வந்தவன் கொல்ல வந்தவன், 296. சண்டையில் கைக்கு அகப்பட்டதை எடுத்தவனுக்கு 297ஆம் பிரிவு, கொலை என்று கணிக்காத ஆட்கொலை, அதாவது சிறை வருடங்கள். இரண்டுக்கும் நடுவே நின்றது ஒரே ஒரு சொல்.

இப்படிப்பட்ட பிழைகளைப் பிடிக்க நல்ல மொழிபெயர்ப்பாளர் வேண்டும், நேரமுள்ள வழக்கறிஞர் வேண்டும். அமெரிக்காக்காரன் செலவழிக்கிற காசு அதற்கு. நாம் அதைச் செலவழிக்காமல் மிச்சம் பிடிக்கிறோம். தமிழில் வாசித்துக் காட்டாத வாக்குமூலத்தில் யாரும் கையெழுத்தோ பெருவிரலோ வைக்காதீர்கள்.

மேரி, மஸ்கெலியா: வரிப்பணத்தில் சோறு போட வேண்டுமா?

சிவாவுக்குச் சொன்னதுதான்.

குமார், தலவாக்கலை: தூக்கு வந்தால் பயம் வருமே?

1956இல் பண்டாரநாயக்க அரசு தூக்கை நிறுத்தியது. சட்டப் பேராசிரியர் நோர்வல் மொரிஸ் தலைமையில் ஆராய்ந்த ஆணைக்குழுவும் மறுபடி வேண்டாம் என்றது. 1959இல் பண்டாரநாயக்கவையே சுட்டுக் கொன்றதும் தூக்கு திரும்பி வந்தது. சுட்ட சோமாராம தேரரை 1962இல் தூக்கிலிட்டார்கள். ஆராய்ச்சி ஒரு பக்கம் சொன்னது, கோபம் இன்னொரு பக்கம் இழுத்துப் போனது.

ராமு, புசல்லாவை: துரையைக் கொன்றதற்காக நம் ஆட்கள் இருவரைப் போகம்பரையில் தூக்கிலிட்டதாகத் தாத்தா சொல்வார். உண்மையா?

உண்மை. 1941இல் ஸ்டெலன்பேர்க் தோட்டத்து துரை போப் கொலையுண்டார். தொழிற்சங்கத் தகராறுகள் கொதித்த காலம். அதற்காக இரண்டு தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். போகம்பரைச் சிறையை 2014இல் மூடி, கைதிகளைப் பல்லேகலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

செல்வம், கம்பளை: கொலைகாரர்களைத் தியாகிகளாக்க வேண்டாம் ஐயா.

நான் ஆக்கவில்லை. கொலை கொலைதான். போப் வீட்டாரும் அழுதிருப்பார்கள். ஆனால் அந்த இருவர் பக்கக் கதையை எந்த மொழியில், யார், எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்று நான் கேட்பேன். முப்பது வருடம் அந்த வேலையைப் பார்த்தவன், கேட்காமல் இருக்க முடியாது.

செல்வம் மறுபடியும்: அப்படியானால் மிருசுவிலில் எட்டுத் தமிழரைக் கொன்ற சிப்பாயையும் விட்டுவிடலாமா?

விட்டுத்தானே விட்டார்கள்! கொலை 2000இல், மரண தண்டனை 2015இல், ஜனாதிபதி பொது மன்னிப்பு 2020இல். உங்கள் கோபம் எனக்கும் உண்டு. அவருக்கு உண்மையாகவே ஆயுள் முழுக்கச் சிறை என்றிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். 2019இல் இன்னொரு ஜனாதிபதி போதைப்பொருள் கைதிகள் நால்வருடைய தூக்கு ஆணையில் கையொப்பமிட்டார், உயர் நீதிமன்றம் தடுத்தது. யார் சாக வேண்டும், யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது ஒரே பேனாவில் இருக்கிறது. அந்தப் பேனா லயத்து ஆளின் பக்கம் எத்தனை முறை சாயும் என்று நினைக்கிறீர்கள்?

இன்னும் மூன்று பேர்: சோறு, வரிப்பணம்.

மேலே இரண்டு தடவை சொல்லியாயிற்று. தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

தினேஷ், பதுளை: தீர்ப்புச் சொல்லும்போது மின்விளக்கை அணைப்பார்களாமே?

ஆமாம், மின்விசிறியையும் நிறுத்துவார்கள். அதற்கு முன், மரண தண்டனை விதிக்கக் கூடாதென்பதற்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று குற்றவாளியிடம் கேட்க வேண்டும். அதைத் தமிழில் கேட்கிற வாய் என்னுடையது. ஒருவர் என்னையே பார்த்து, "நீங்க சொல்லுங்கய்யா, நான் என்ன சொல்லணும்?" என்றார். மொழிபெயர்ப்பாளன் பதில் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அந்தக் கேள்வியையே சிங்களத்தில் நீதிபதிக்குச் சொன்னேன்.

ஜெயந்தி, மாத்தளை: என் தம்பிக்கு மேல் நீதிமன்றத்தில் போன வாரம் மரண தண்டனை. என்ன செய்வது ஐயா?

அம்மா, இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள். மேன்முறையீட்டுக்குத் தீர்ப்பு நாளிலிருந்து 14 நாள்தான். ஒரு வாரம் போய்விட்டது. வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் பக்கத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், தீர்ப்பு நாளும் வழக்கு இலக்கமும் கையில் இருக்கட்டும். சிறைச்சாலை வழியாகவும் மேன்முறையீடு அனுப்பலாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். எந்தக் கடதாசியிலும் தமிழில் கேட்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.