ஹாட் ஸ்டூவர்ட் யார்? "கவர் பாயிண்ட்" என்றால் என்ன?

ஐஸ் ஹாக்கியில் 1900-களின் தொடக்கத்தில் ஓர் அணிக்கு 7 பேர், தடுப்பாட்டக்காரர் இருவரும் இப்போதுபோல் பக்கத்துப் பக்கத்தில் நிற்காமல் முன்னும் பின்னுமாக நிற்பார்கள், வீட்டுக்கு வெளிக்கேட்டும் உள்கதவும் இருக்கிற மாதிரி. முன்னால் நிற்பவர்தான் கவர் பாயிண்ட். ஒட்டாவாவில் பிறந்த ஸ்டூவர்ட் அதில் கில்லாடி.

கனடாவின் ஒன்டாரியோவில் அப்போது காசு வாங்கி ஆடினால் தடை. சரி, எல்லை தாண்டினால் சம்பளம்! அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தாமிரச் சுரங்க ஊர்களில் 1904-ல் வெளிப்படையாகவே சம்பளம் தரும் லீக் தொடங்கியது, அங்கே போனார். அப்புறம் திரும்பி வந்து 1907-ல் மான்ட்ரியல் வாண்டரர்ஸ் அணிக்காக ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றார்.

அதே ஜூனில், ஒன்டாரியோவின் பெல்வில் நகருக்கு அருகே ஆழமில்லாத நீரில் தலைகீழாகக் குதித்துப் பாறையில் மோதி இறந்தார். குடும்பத்துக்கு நிதி திரட்ட 1908 ஜனவரியில் ஆடியதுதான் ஹாக்கியின் முதல் ஆல்-ஸ்டார் (பல அணிகளின் சிறந்த வீரர்கள் சேர்ந்து ஆடும்) ஆட்டம் என்கிறார்கள்.

இவர் என்.ஹெச்.எல். (தேசிய ஹாக்கி லீக்) வீரர் இல்லை, அந்த லீக் பிறந்ததே 1917-ல்தான்.