டயட் இருந்து குறைத்த எடை திரும்ப ஏறுவது மன உறுதி இல்லாததாலா?

12 கிலோ குறைத்தேன், ஒன்றரை வருடத்தில் 10 கிலோ திரும்பிவிட்டது, வீட்டில் 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் போடாவிட்டாலும் நீங்கள் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். ஆண் குண்டானால் 'நல்லா இருக்கீங்க' என்றல்லவா சொல்வார்கள்!

நான் டாக்டர் இல்லை. கோத்தகிரி பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை வைத்துக்கொண்டு, ஒரு ஃபேக்டரியில் கணக்கும் எழுதுகிறவள். 2019இல் 84 கிலோ இருந்தேன். எட்டு மாதத்தில் 71க்கு வந்தேன். வீட்டில் எடை மிஷின் கிடையாது. பச்சைத் தேயிலை நிறுக்கும் தராசில்தான் ஏறி நிற்பேன். நிறுக்கிற பையன், "அக்கா, ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கட்டுமா?" என்பான்.

சிரிப்பேன். ஆனால் அந்தக் கழிவு சிரிக்கிற விஷயமில்லை. மழையே பெய்யாத நாளிலும் மூட்டைக்கு இத்தனை என்று கழிக்கிறார்கள், கேட்டால் பனி என்கிறார்கள். பறிப்புக்கூலிக்கே கட்டாத விலையில் அதையும் கழித்தால் மிச்சம் என்ன? இதை யாராவது கேள்வியாகக் கேளுங்கள், பத்துப் பக்கம் எழுதுகிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

71க்கு வந்த பிறகுதான் பசி என்றால் என்னவென்றே தெரிந்தது. ஜூலை மழை, இரவு இரண்டு மணி. தூக்கம் கலைந்தால் முதல் நினைப்பே வர்க்கி டப்பாதான். மூடி சத்தம் போடாமல் இருக்க டப்பாவை ஸ்வெட்டரோடு அணைத்துத் திறப்பேன். வர்க்கி கடித்தால் நொறுங்குமே, அதனால் வாயிலேயே ஊறவைத்துத் தின்பேன். காலையில் மாமியார் தரையில் கிடந்த தூளைக் கூட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "எலி வந்திருக்கும் போல" என்றார்.

எலி என்றது ஒருவகையில் பொருத்தம்தான். தூக்கம் வராத அந்த நாட்களில் நான் படித்துக்கொண்டிருந்ததும் எலிகளைப் பற்றித்தான். அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949இல், தின்றுகொண்டே இருந்து பந்து போல ஊதுகிற சுண்டெலிகள் பிறந்தன. அதே ஆய்வகத்தின் டக்ளஸ் கோல்மன், அப்படி ஓர் எலியின் ரத்த ஓட்டத்தைச் சாதாரண எலியோடு இணைத்துப் பார்த்தார். குண்டெலி தின்பதைக் குறைத்துக்கொண்டது. ரத்தத்தில் 'போதும்' என்று சொல்கிற ஏதோ ஒன்று இதற்கு இல்லை என்று ஊகித்தார். அது என்னவென்று 1994இல் கண்டுபிடித்தவர் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன். லெப்டின் என்று பெயர். நாம் திட்டித் தீர்க்கிற கொழுப்புதான் அதைச் சுரக்கிறது! கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். மூளைக்கு நாம் டயட் இருக்கிறோம் என்று தெரியுமா? பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துப் பசியைக் கூட்டிவிடுகிறது, செலவாகிற சக்தியையும் குறைத்துவிடுகிறது.

'அப்படியானால் லெப்டின் ஊசி போட்டுக்கொள்ளலாமே' என்று யாராவது வருவீர்கள். பிறவியிலேயே லெப்டின் சுரக்காத ஒன்பது வயதுச் சிறுமிக்கு கேம்பிரிட்ஜில் அதைக் கொடுத்தார்கள். ஒரே வருடத்தில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. ஆனால் அந்தக் குறைபாடு மிக அபூர்வம். என்னைப் போன்ற குண்டானவர்கள் உடம்பில் கொழுப்போடு லெப்டினும் ஏற்கெனவே ஏராளம், மூளைதான் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதனால் அந்த ஊசி எங்களுக்குப் பெரிதாக உதவவில்லை.

எனக்குப் பெரிய ஆறுதல் 2011இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வுதான். டயட் இருந்து இளைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பரிசோதித்தபோதும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. வயிற்றில் சுரந்து பசியைக் கிளப்புகிற கிரெலின் ஏறியே இருந்தது. அதைப் படித்த அன்று வெட்கமில்லாமல் அழுதேன். மாமியாரிடம் சொன்னேன். "அப்ப எலி இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

இஷ்டத்துக்குத் தின்னுங்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படித் திரிக்காதீர்கள். இப்போது 79இல் நிற்கிறேன், இரவுச் சாப்பாட்டை விடுவதில்லை. நீங்கள் முதலில் தைராய்டு பார்த்துவிடுங்கள். அப்புறம், காலை ஐந்தரைக்கு வாக்கிங் போகச் சொல்லிக் கமெண்ட் போட வருகிறவர்களுக்கு ஒன்று: எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு வாக்கிங் போவது கரடி.