விசாவுக்குப் போதும், உங்களுக்குப் போதுமா?

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் மகள் வீட்டில் நானும் மனைவியும் இரண்டு மாதம் தங்கப் போகிறோம். எனக்கு வயது 67. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே இருக்கிறது. பயணக் காப்பீடு தனியாக வேண்டுமா? "படிவத்தில் நோயைக் குறிப்பிடாதீர்கள், பிரீமியம் ஏறிவிடும்" என்கிறார் ஏஜென்ட். அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யவே செய்யாதீர்கள். ஏஜென்ட்டுக்குக் கமிஷன் இப்போதே வந்துவிடும். கிளெயிம் நேரத்தில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

கிளெயிம் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன். மருத்துவமனை அறிக்கை வந்ததும் நாங்கள் முதலில் தேடுவது பில் தொகையை அல்ல, 'முன்பிருந்த நோய்கள்' என்ற வரியை. அவசரப் பிரிவில் டாக்டர் கேட்பார். "பல ஆண்டுகளாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்" என்று உங்கள் மனைவி பதற்றத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார். (சொல்லத்தான் வேண்டும், சிகிச்சைக்கு அது அவசியம்.) அது அப்படியே அறிக்கையில் ஏறும். படிவத்திலோ 'இல்லை' என்று உங்கள் கையெழுத்தோடு இருக்கும். இரண்டு தாளையும் அருகருகே வைத்தால் கிளெயிமை நிராகரிக்க வேறு காரணமே வேண்டாம்.

நோயைச் சொல்லிவிட்டால் எல்லாச் செலவும் கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். பழைய நோயால் உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும், அதுவும் ஓர் உச்சவரம்பு வரைதான் பல பாலிசிகள் கொடுக்கும். சில அதையும் கொடுக்காது. விளம்பரத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'விலக்குகள்' பக்கத்தைப் படித்த பிறகு பணம் கட்டுங்கள்.

உள்நாட்டுக் காப்பீடு பெரும்பாலும் நாட்டு எல்லையோடு நின்றுவிடும். ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எப்படியும் குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு கட்டாயம். அவசர சிகிச்சையோடு, நோயாளியையோ உடலையோ சொந்த நாட்டுக்கு அனுப்பும் செலவும் அதில் அடங்க வேண்டும். ஆனால் அது விசா அதிகாரிக்கான அளவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரங்கள் இருக்க நேர்ந்தால் அந்தத் தொகை கரைந்துவிடலாம். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பெரிய தொகைக்கே எடுங்கள்.

பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணை மகளிடமும் கொடுத்து வையுங்கள். மருத்துவமனையில் சேருமுன், முடியாவிட்டால் சேர்ந்த உடனே, அழைத்துச் சொல்ல வேண்டும். வழக்கமான மாத்திரைகளுக்குக் காப்பீடு பணம் தராது. போதிய அளவு எடுத்துச் செல்லுங்கள். மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் (ஜெனரிக் பெயர்) எழுதி வாங்குங்கள்.

தங்கும் நாள் நீளும் என்று தோன்றினால், பாலிசி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேட்டுவிடுங்கள்.